நாலாவது போத்தல்

"எனக்கு உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்," என்றாள் பெர்னடெட்.

தகப்பன் மரியரட்ணம் வாயருகே கொண்டுபோன தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம் வாயைத் திறந்து எதையும் கேட்கக்கூடாது என்று மகளுக்குத் தாய் லூர்த்தம்மா ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். திங்கட்கிழமை சொன்னாள். இன்று, புதன்கிழமை, அவர்கள் நத்தார்ப் பண்டிகைக் கேக்கோடு படலையைத் திறந்த பிறகும் குசினிக்குள் வைத்துக் கையைப் பிடித்துச் சொன்னாள். கேட்பது அவர்கள், கொடுப்பது நாங்கள். குருநகரில் அதுதான் ஒழுங்கு.

எதிரே மாப்பிள்ளை செல்வரட்ணம் இருந்தான். கொழும்பில் கப்பல் கொம்பனி ஒன்றில் எட்டு வருஷ உத்தியோகம். கிளாலிக் கடலேரியால் படகேறி லீவில் வந்து நின்றான். பக்கத்தில் தாய் மார்கிரட், கேக் பெட்டியை மடியில் வைத்தபடி.

"என்ன வேணும், சொல்லுங்கோ," என்றான் செல்வரட்ணம், பெருந்தன்மையாக.

பெர்னடெட் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழேயிருந்த வீடியோ கசெற்றை எடுத்து வந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை முதல் தரம் பெண் பார்க்க வந்தபோது அவன்தான் அதைக் கொண்டுவந்து தந்திருந்தான். 'புயல்மாறன்', இரண்டாம் பாகம்!

"இந்தப் படத்தை நீங்களும் மாமியும் இஞ்சை வந்து, எங்களோடை இருந்து பாக்கவேணும். வாற ஞாயிறு, பூசை முடிய."

மரியரட்ணத்துக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா?

'புயல்மாறன்' முதற்பாகம் குருநகருக்கு வந்தது கரண்ட் இருந்த கடைசி வருஷத்தில். அதன் முடிவில் கதாநாயகன் மலையுச்சியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தான். பிறகு சண்டை வந்தது, கரண்ட் போனது. அவன் மூன்று வருஷமாக அப்படியே தொங்கினான். விழுவானா ஏறுவானா என்று வலை பிரிக்கிற இடத்தில் கைகலப்பே நடந்திருக்கிறது. இரண்டாம் பாகம் இந்த நத்தாருக்குத்தான் கொழும்பில் வெளியாகி, எல்லோரும் அதே கதையாகத் திரிகிறார்களாம்.

"வெறுங் கசெற் வாங்கினாக் காசு," என்று விளக்கினான் செல்வரட்ணம். "வீட்டில கிடந்த பழசொண்டைக் குடுத்து, அதுக்கு மேலை படத்தை ஏத்துவிச்சனான். வீண்செலவு எனக்குக் கண்ணில காட்டக்கூடாது."

சிக்கனமான பிள்ளை என்று மரியரட்ணம் மெச்சினார். அப்படிப்பட்டவன் கையில் வீட்டை விற்ற காசைக் கொடுப்பதில் பயமில்லை. ஏனென்றால் சீதனம் அதுதான்: இந்த வீடு. திங்கட்கிழமை, இருபத்தேழாந் திகதி, உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்து விற்பது, காசு மாப்பிள்ளைக்கு, மரியரட்ணமும் லூர்த்தம்மாவும் தம்பியார் வளவுக்குள் ஒரு கொட்டிலுக்குப் போவது. இன்னொன்றும் உண்டு. பருத்தித்துறைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெர்னடெட்டுக்கு வந்த ஆசிரியை நியமனம். வேலைக்குப் போகிற பெண் வேண்டாமென்று மாப்பிள்ளை சொல்லிவிட்டதால், கடிதம் திரு இருதயத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தது.

பரம்பரையிலேயே பட்டம் பெற்ற முதல் ஆள் பெர்னடெட். பட்டத்தோடு சேர்த்து மூன்று மாப்பிள்ளைகளைக் குறை சொல்லித் திருப்பியும் அனுப்பியிருந்தாள். மூன்றாமவன் குடிகாரன் என்று சொன்ன அன்று மரியரட்ணம் அந்தோனியார் மேல் சத்தியம் செய்தார்: "இனி நீ ஆரைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பமாட்டன். என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டாத்தான்!"

ஆகவே இந்த முறை அவள் ஒரு குறையும் சொல்லாமல், படம் பார்க்கலாம் என்று மட்டும் கேட்டது அவருக்குத் தேவகிருபையாகப் பட்டது.

தேவகிருபைக்கு ஜெனறேற்றர் வேண்டியிருந்தது.

ரீவி, கசெற் போடும் டெக், ஜெனறேற்றர் மூன்றும் வைத்திருந்தவன் கடைக்காரக் கனிசியஸ். வழக்கமாக ஒரு மணித்தியாலம் பேரம் பேசுகிறவன், அன்று, "பிள்ளையே கேட்டது? அப்ப கொண்டுவாறன்," என்று உடனே சம்மதித்தான். "மண்ணெண்ணெய் உங்கடை. மூண்டு போத்தல் காணும், அண்ணை."

"நாலு வேணும்," என்றாள் பெர்னடெட்.

"படம் முடிய மூண்டே காணும், பிள்ளை."

"நாலு."

படித்த பிள்ளை, முன்யோசனையாகச் சொல்கிறது என்று நினைத்தார் மரியரட்ணம். ஆனால் வீட்டில் இருந்தது ஒரு போத்தல். சங்கக் கடையில் அடுத்த பங்கீடு தை மாதம்.

அவர் பக்கத்து வீட்டுச் சீவரத்தினம் மாஸ்ரரிடம் போனார்.

"எண்ணெய்தானே, தாறன்," என்றார் மாஸ்ரர். "ஆனா நாங்களும் வருவம்."

"வாங்கோ, மாஸ்ரர். நீங்களும் ரீச்சரும்தானே?"

"கோப்பாயிலையிருந்து மச்சான் குடும்பம் வந்து நிக்குது. பதினொரு பேர்."

மூன்றாவது போத்தலைக் கோயில் பாடகர் குழுவிடம் வாங்கினார்; நாலாவது ஒருவரிடமும் இல்லை. குழுவில் இருபத்தாறு பேர். அவர்களுக்கு மச்சான்மார் எத்தனை பேர் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு பூசை முடிய வளவுக்குள் நிற்க இடமில்லை. விறாந்தையில் வைத்த ரீவி பகல் வெளிச்சத்தில் வெறும் கண்ணாடியாகத் தெரிந்தது. வெளிச்சத்தை மறைக்க மரியரட்ணம் வள்ளத்துப் பாய்ச்சீலையைக் கொண்டுவந்து வளவின் மேலே கட்டினார். இரவு பெய்த மழை வேம்பிலிருந்து பாயில் இறங்கி, வயிறு வைத்து, சரியாக மார்கிரட் அம்மாவின் சேலையில் கொட்டியது.

"ஐயோ, சம்பந்தி!" என்று லூர்த்தம்மா துவாயோடு ஓடியபடி புருஷனைத் திட்டினாள். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? தண்ணி நிண்டதைப் பாக்கேல்லையே?"

"பரவாயில்லை," என்றாள் மார்கிரட். நல்ல மனுஷி, ஈரச் சேலையோடு அசையாமல் இருந்தாள். "மகன் ஆசையாக் கொண்டுவந்த படம். பாத்திட்டுத்தான் போவன்."

கனிசியஸ் சின்னச் சென்ற் குப்பியிலிருந்து எஞ்சின் பிடிக்க மூன்று சொட்டுப் பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்தான். ஜெனறேற்றர் போட்ட சத்தத்தில் முழுப் பாடகர் குழுவும் காதைப் பொத்தியது. கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள், வயர் எட்டவில்லை. மரியரட்ணம் கோயிலின் நத்தார்க் குடிலில் கிடந்த பழைய வயரை ஒட்டித் தந்தார். இப்போது சத்தம் குறைந்தது, படமும் குறைந்தது. புயல்மாறன் நாலாம் வகுப்புப் பொடியன் அளவில் மலையில் தொங்கினான்.

"பேசாமல் இன்னொரு நாளைக்குப் பாப்பமே?" என்று மரியரட்ணம் கெஞ்சினார்.

"இண்டைக்குத்தான்," என்றாள் பெர்னடெட். வயரை அவிழ்த்து, ஜெனறேற்றரைக் குசினிக்குப் பின்னால் தானே இழுத்து வைத்து, சாக்கை நனைத்துச் சுற்றி அடைத்தாள். புயல்மாறன் வளர்ந்தான். சனம் கை தட்டியது. முன்வரிசைக் கதிரையில் செல்வரட்ணம் கைதட்டலைத் தனக்கென்று ஏற்றுத் தலையசைத்தான்.

இரண்டரை மணித்தியாலம். புயல்மாறன் மலையேறினான், ஊர் ஊராக அடித்தான், கடைசியில் வேறொரு மலையில் மற்றக் கையால் தொங்கினான். 'வணக்கம்' விழுந்தது.

"உதுக்கே மூண்டு வருஷம் காத்திருந்தனாங்கள்!" என்று சீவரத்தினம் மாஸ்ரர் எழும்பினார். சனமும் எழும்பியது. குசினிக்குப் பின்னால் ஜெனறேற்றர் விக்கத் தொடங்கியது.

"நிப்பாட்டு, கனிசியஸ்! மிச்ச எண்ணெய் விளக்குக்கு உதவும்," என்று கத்தினாள் லூர்த்தம்மா.

"நிப்பாட்டாதேங்கோ!"

பெர்னடெட் அறைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். கையில் ஒரு போத்தல். மரியரட்ணத்துக்கு அந்தப் போத்தலைத் தெரியும். அவளுடைய படிப்பு விளக்குக்கென்று வைத்திருந்த எண்ணெய் அது. சோறில்லாத நாளிலும் அதில் ஒரு சொட்டு அடுப்புக்குத் தந்தவளில்லை. அதை இப்போது ஜெனறேற்றருக்குள் கவிழ்த்தாள்.

"பிள்ளை, படம் முடிஞ்சுது!"

"இருங்கோ, அப்பா. எல்லாரும் இருங்கோ. குடுத்த கசெற்றை முழுக்கப் பாக்கிறதுதான் மரியாதை."

மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதை என்றதும் மரியரட்ணம் இருந்தார். அவர் இருக்க, சனமும் இருந்தது. திரையில் புள்ளி பறந்தது. கோடு ஓடியது. பிறகு மணி அடித்தது.

ஒரு கோயில் வாசல். பூத்தூவல். கோட் சூட்டோடு செல்வரட்ணம். அவன் கையைப் பிடித்து, வெள்ளை முக்காட்டோடு ஒரு பெண். மூலையில் மஞ்சள் எழுத்தில் திகதி, இரண்டு வருஷத்துக்கு முந்தியது: 14-8-1991.

சனத்தின் கண் திரையிலிருந்து முன்வரிசைக் கதிரைக்குத் திரும்பியது.

"அது... கந்தோரில போட்ட நாடகம்," என்றான் செல்வரட்ணம்.

திரையில் சுவாமியார் இருவருக்கும் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார்.

"சுவாமியாருமே நடிக்கிறார்?" என்று கேட்டார் மாஸ்ரர்.

மார்கிரட் திரைக்குக் கிட்டப் போனாள். ஈரச் சேலைத் தலைப்பால் கண்ணாடியை ஒரு முறை துடைத்து, மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"வடிவான பிள்ளை," என்றாள் மெல்ல. "என்னைக் கூப்பிடேல்லையே, தம்பி."

தாய் முன்னே நடக்க, சனம் விலகி வழிவிட, செல்வரட்ணம் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனான். லூர்த்தம்மா, மிச்சக் கேக்கைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல், தட்டோடு நின்றாள்.

மரியரட்ணம் படியில் தொப்பென்று இருந்தார். விடிந்தால் நொத்தாரிசு. இதைக் காணாமல் விடிந்திருந்தால் வீடு போயிருக்கும், பிள்ளையும் போயிருக்கும்.

"என்ரை பிள்ளை... ஒரு படம் பாக்க ஆசைப்பட்டுக் கேட்டுது," என்று விம்மினார். "அதிலை போய் உதெல்லாம் காணவேண்டி வந்திட்டுதே உனக்கு!"

பெர்னடெட் உள்ளே போனாள். திரு இருதயத்துக்குப் பின்னாலிருந்த கடிதத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். வேலியோடு சாத்தியிருந்த சைக்கிளை எடுத்தாள். பின் கரியரில் சூட்கேஸ் முன்னமே கட்டியிருந்தது, இரட்டை முடிச்சு.

"எங்கை, பிள்ளை?"

"பருத்தித்துறைக்கு. பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட அறை சொல்லி வைச்சிருக்கிறன். நேரத்தோடை கோப்பாய் தாண்டவேணும், அப்பா. வீட்டை வித்துப்போடாதேங்கோ, லீவுக்கு வருவன்."

படலை திறந்து சாத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதை இப்பதானே கண்டது, அதுக்குள்ளை அறை எப்பிடிச் சொல்லி வைச்சாள்?" என்றார் மரியரட்ணம், ஒருவரையும் பார்க்காமல்.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கனிசியஸ், காலி போத்தல்கள் நாலையும் ஒரு வரிசையாக வைத்தான்.

"போன திங்கட்கிழமையும் சரியா நாலு போத்தல்தான் அண்ணை முடிஞ்சது, பிள்ளை என்ரை கடையில தனிய இருந்து உந்தக் கசெற்றைக் கடைசி மட்டும் பாக்கேக்கை."