புகை விடாத அலுவலகம்

"பசுமை ஒருங்கிணைப்பு அலுவலர் என்பவர், தமது எளிய வாழ்வால் சக ஊழியர்க்கு முன்மாதிரியாக விளங்கி, அலுவலகத்தின் ஒவ்வொரு செயலிலும் இயற்கையைப் பேணுபவர்" என்கிறது அரசாணை. போடிநாயக்கனூர் தாலுகா அலுவலகத்தில் அந்தப் பொறுப்பை வகிக்கும் மகாராஜன் பக்கத்துத் தெருவிலிருந்து காரில் வருகிறார்.

கோபப்படாதீர்கள். அது சொந்தக் கார். அதன் புகை அரசாங்கக் கணக்கில் சேராது.

இந்த இனத்தை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். பூமியைக் காப்பாற்றுகிறவர்கள், ஆனால் அடுத்தவர் பங்கை எடுத்து. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பொதுமக்கள் உட்காரும் பக்கத்து மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்று தம் அறை ஏ.சி.யை ஓடவிடுவார்கள், விழாவுக்கு வந்த மஞ்சப்பைகள் அழுக்காகிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைப்பார்கள். கேட்டால் ஒரு புன்னகை: "எல்லாம் ஒரு விழிப்புணர்வுக்குத்தான்!"

மகாராஜனின் பெரிய சாதனைக்கு வருவோம். மாதம் ஒருமுறை அலுவலக ஜீப்பு கைரேகை மிசினை ஏற்றிக்கொண்டு மலைமேலுள்ள போடிமெட்டுக்குப் போகும். ஏலத்தோட்டத்துச் சனங்கள் மருத்துவக் காப்பீட்டு அட்டையை அங்கேயே புதுப்பித்துக்கொள்வார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அந்த ஜீப்பு கக்கும் புகையை நினைத்துக் கண்கலங்கிய மகாராஜன், பயணத்தையே ரத்து செய்தார். அலுவலகப் புகை பூஜ்யம். மலைச்சனம் ஆறு ஜீப்புகளில் நெருக்கியடித்துக் கீழே இறங்கியது. அவை தனியார் ஜீப்புகள் அல்லவா? அந்தப் புகைக்குக் கணக்கில் தலைப்பே கிடையாது.

இறங்கியவர்களில் ஒருவர் ஜக்கம்மாள். கணவருக்குக் கண் ஆப்பரேஷன். அட்டையைப் புதுப்பிக்காமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கமாட்டார்கள். அவர் முறை வந்தபோது விளக்கும் மிசினும் அணைந்தன. மகாராஜன் கொண்டுவந்த 'பசுமை மணி': தினமும் ஒரு மணி நேரம் பொதுமக்கள் பக்கத்து மின்சாரத்தை நிறுத்திவைப்பது.

"என்ன சார், கரண்டு போயிருச்சா?"

"போகலம்மா" என்றார் மகாராஜன். "நாங்களா நிறுத்தியிருக்கோம். பூமி கொஞ்சம் மூச்சு விடட்டும்."

"அது நல்லா விடட்டும் சார். வெரசா ஒரு வெரல வச்சிட்டுப் போயிர்றேன். சனம் ஏறியாச்சு, ஜீப்புக்காரன் கத்துறான்."

"ஒரு மணி நேரந்தான். எல்லாம் உங்க பேரப்பிள்ளைகளுக்காகத்தான்."

"அதுக பள்ளிக்கூடம் போகாம தாத்தனக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுத் திரியுதுக சார்."

சோலியில்லாமல் நின்றிருந்த அலுவலக ஜீப்பு ஓட்டுநர் சுருளி மெல்லச் சொன்னார்: "வேர்க்குதா ஆத்தா? சார் ரூம் கதவோரமா நில்லு. குளுகுளுன்னு வரும்."

வெளியே ஹாரன் அலறியது. ஜக்கம்மாள் ஓடினார்.

சிரிக்கிறீர்கள். பாத்திரம் கழுவ வருகிறவரிடம் குழாயைச் சின்னதாகத் திறக்கச் சொன்னீர்களே, நேற்றா, இன்று காலையா? சொல்லிவிட்டு நேரே காரைக் கழுவத்தானே போனீர்கள்?

குடியரசு தினத்தன்று மகாராஜனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். புகையை ஒழித்தவர் என்று மேடையில் வாசித்தார்கள். அவர் மலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஜீப்பை நிறுத்தினார். ஜக்கம்மாளை அட்டையில்லாமல் திருப்பி அனுப்பினார்.