கசிவில்லாத மூக்கு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதெல்லாம் சரி. ஆனால் கண்டுபிடித்ததை ஒழுகாமல் வைத்துக்கொள்ள வழி கண்டவர்கள்தான் நாகரிகத்தைக் காப்பாற்றியவர்கள். நெருப்பு ஒழுகுமா, சக்கரம் ஒழுகுமா என்று குறுக்குக் கேள்வி கேட்பவர்களுக்கு இந்தக் கதை ஏற்றதல்ல.

நாகரிகத்தின் அப்படிப்பட்ட காவலர்களில் ஒருவர்தான் குடிநீர் வாரியத்தின் கசிவுத் தடுப்புப் பிரிவுத் தலைமைப் பொறியாளர். பிரிவில் எல்லோரும் அவரை 'ஸ்பேனர் சார்' என்பார்கள். காதுபடச் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்து உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டார். அவருடைய நிர்வாகத் தத்துவம் ஒரே சொல்லில் அடங்கியது: இறுக்கு. குழாய் ஒழுகுகிறதா, இறுக்கு. ஊழியர்கள் தாமதமாக வருகிறார்களா, இறுக்கு. வீட்டில் அவர் மூடிவைத்த ஜாடியை வேறு யாரும் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. சர்க்கரை டப்பாவை அவர் மூடிவிட்டு அலுவலகம் போன நாட்களில், அவர் மனைவி பக்கத்து வீட்டில் போய்ச் சர்க்கரை வாங்கி வருவார்.

அந்த ஆண்டு அவர் ஒரு மகத்தான சாதனை செய்திருந்தார். நகரத்தின் நான்காம் பகுதியில் 'பூஜ்யக் கசிவு'. அங்கே எத்தனை மூட்டுகளை இறுக்கியும் ஒழுகல் நிற்கவில்லை. கடைசியில் பிரதான வால்வையே இறுக்கி மூடச் சொன்னார். ஒழுகல் நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றது. ஆனால் அறிக்கையில் அதற்கென்று தனிக் கட்டம் இல்லாததால் யாரும் எழுதவில்லை. வாரியம் அவருக்குக் கேடயம் கொடுப்பதாக முடிவு செய்தது.

இப்பேர்ப்பட்டவருடைய உடம்புக்குள்ளேயே ஒரு கோளாறு இருந்தது. தூங்கினால் குறட்டை. குறட்டைகூடப் பரவாயில்லை, அது நிற்பதுதான் பயம். நடுவில் சட்டென்று அடங்கிவிடும், கூடவே மூச்சும். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி எழுந்து உட்கார்ந்து, தோளைப் பிடித்து உலுக்குவார். அவர் "ஹர்ர்" என்று மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பார். காலையில், "நல்ல தூக்கம்" என்பார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரவெல்லாம் காவல் இருந்துவிட்டுத் தேர்வுக்கூடத்தில் மேற்பார்வைக்கு உட்கார்ந்தவர், அங்கேயே தூங்கிவிட்டார். பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். டீச்சரின் தூக்கம் கெடக் கூடாதே என்று சத்தமில்லாமல் காப்பி அடித்தார்கள். வகுப்பே நூற்றுக்கு நூறு வாங்கியதும் தலைமையாசிரியை விளக்கம் கேட்டார். அன்று மாலையே மனைவி கணவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் என்றார்கள். ஒரு சிறிய இயந்திரம், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் முகமூடி. இரவு முழுக்க அது காற்றை உள்ளே தள்ளும், மூச்சு நிற்காது. இயந்திரக் கடையில் ஒரு பையன் போனைப் பார்த்தபடியே கேட்டான்:

"மாஸ்க் என்ன சைஸ் சார்? சின்னதா, நடுத்தரமா, பெருசா?"

"நான் தலைமைப் பொறியாளர்" என்றார் அவர்.

பெரியது வந்தது. பிற்பாடு இதை அவரே சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு என்னவோ, பதவிக்குத் தகுந்த மூக்கு தனக்கு இருப்பதாகத்தான் அவர் நினைத்தார்.

முதல் இரவு மனைவி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். அவர் காலையில் விழித்துப் பார்த்தபோது மனைவி ஒரு கை தலையணைக்கு வெளியே தொங்க, வாயை லேசாகத் திறந்துகொண்டு கிடந்தார். மனைவி அப்படித் தூங்கிப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. தலைமைப் பொறியாளருக்குக் கண் கலங்கியது. இந்த முகமூடியை இனி ஒருநாளும் விடுவதில்லை என்று மனதார நினைத்துக்கொண்டார்.

பிறகுதான் இயந்திரத்தின் திரையைப் பார்த்தார். அதில் ஒரு வட்ட முகம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தது: 'முகமூடியில் கசிவு'.

கசிவு! அதுவும் யாருடைய முகத்தில்!

அன்றிரவு பட்டையை இறுக்கினார். மறுநாளும் வட்ட முகம் பிதுக்கிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் இறுக்கினார். மூக்குத் தண்டில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. கன்னங்களில் பட்டை போன வழி பள்ளமாகத் தெரிந்தது. பிறகு கோடு புண்ணாகி, தோல் உரிந்தது. முகம் கழுவித் துடைத்தால் துண்டு பட்டு உயிர் போனது.

அலுவலகத்தில் பியூன்தான் முதலில் கேட்டார்.

"யார் சார் அடிச்சாங்க?"

"யாரும் அடிக்கல. மூக்குக் கண்ணாடி புதுசு. அழுத்துது."

"கண்ணாடி எங்க சார்?"

"அழுத்துதுன்னுதான் கழட்டி வச்சிருக்கேன். போய் வேலையப் பாரு."

நிலைமை முற்றியதால் அவசர ஆய்வுக் கூட்டம் கூட்டினார். பொருள்: 'ஓர் உபகரண இணைப்பில் தொடர் காற்றுக் கசிவு'. உபகரணம் எங்கே இருக்கிறது என்பதைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியிடவில்லை. உதவிப் பொறியாளர் பேனாவைத் திறந்துகொண்டார்.

"இணைப்பு என்ன பொருள் சார்? இரும்பா, பிளாஸ்டிக்கா?"

"ஒரு பக்கம் ரப்பர் மாதிரி. இன்னொரு பக்கம்... இயற்கைப் பொருள்."

"மரமா சார்?"

"கொஞ்சம் மென்மையா இருக்கும்."

"அரிப்பு இருக்கா சார்?"

"இருக்கு" என்று தன்னையறியாமல் மூக்கைத் தொட்டுவிட்டுக் கையை இறக்கினார்.

"நிறம்?"

"சிவப்பு."

"அப்ப துருதான் சார், சந்தேகமே இல்ல. உப்புத்தாள் போட்டு நல்லா சுரண்டிட்டு, கிரீஸ் தடவி இறுக்கணும். அப்பவும் நிக்கலன்னா டெஃப்லான் டேப் சுத்தி அடைச்சிடணும்."

கூட்டம் இதை ஏகமனதாக ஏற்றது. உப்புத்தாளை மட்டும் அவர் தமது தனி அதிகாரத்தைப் பயன்படுத்தித் தள்ளுபடி செய்தார். கிரீஸுக்குப் பதில் வாசலின். அதைத் தடவிக்கொண்டு மாட்டியதும் முகமூடி மூக்கின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. கசிவு கூடியது. அதனால் இன்னும் இறுக்கினார். துறை நெறிமுறைப்படி எல்லாம் சரியாகவே நடந்தது, புண்ணும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

கேடய விழா நெருங்கியது. மேடை, விளக்கு, புகைப்படம். இந்த மூக்கோடு எப்படி நிற்பது? மூக்குக்குக் கொஞ்ச நாள் 'மருத்துவ விடுப்பு' கொடுப்பதென்று தீர்மானித்தார். மனைவியிடம் சொன்னால் விட மாட்டார். ஆகவே, "நீ தூங்கு, பேப்பரைப் படிச்சுட்டு மாட்டிக்கறேன்" என்றார். பேப்பரைப் படித்தார். மாட்டிக்கொள்ளவில்லை.

காலையில் திரையில் ஓர் அதிசயம். கசிவு: பூஜ்யம். அவருக்குத் தலைகால் புரியவில்லை. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே போய்விட்டார்.

"பாத்தியா! கசிவு பூஜ்யம்!"

மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே ஓரக்கண்ணால் பார்த்தார்.

"கட்டை விரலை எடுங்க."

"எந்த விரல்?"

"திரையை மறைச்சுப் புடிச்சிருக்கீங்களே, அந்த விரல்."

எடுத்தார். விரலுக்கு அடியில் 'பயன்படுத்திய நேரம்: இல்லை' என்றிருந்தது.

மனைவி திரும்பினார். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"ராத்திரி முழுக்க உங்க மூக்கு முன்னாடி கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். காத்து வருதா, வரலையான்னு. ரெண்டு தடவ உலுக்கினேன், அதுகூட உங்களுக்குத் தெரியல." குரல் உடைந்தது. "மூச்சே இல்லாட்டி கசிவும் இருக்காதுங்க. அதுக்கு எதுக்கு ஒரு மெஷினு?"

பூஜ்யத்தை அடைய இப்படியும் ஒரு குறுக்குவழி உண்டு என்பது அவருக்குப் புதிய செய்தி அல்ல. நான்காம் பகுதி நினைவுக்கு வந்தது. வந்ததை உடனே இறுக்கி மூடினார்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"கசிவுப் பிரிவுத் தலைவன் மூக்குல கசிவுன்னா எப்படிம்மா சொல்றது? ஊரே சிரிக்கும்."

"இப்ப மட்டும் என்ன, அழுவுதா?" என்று கேட்டுவிட்டு, மனைவி செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இந்த முறை கடைப் பையனிடம் போகாமல் நேரே சுவாசப் பிரிவுக்குப் போனார்கள். மருத்துவர் புண்ணைப் பார்த்து மருந்து எழுதிவிட்டு, முகமூடி பொருத்தும் பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவர் மூக்கை உற்றுப் பார்த்தார்.

"யாரு இறுக்கினது?"

"நான்தான். இந்தத் துறையில எனக்கு இருபது வருஷ அனுபவம்."

"மூக்குலயே தெரியுது. இது பெரிய சைஸாச்சே, யார் குடுத்தா?"

அவர் கூரையைப் பார்த்தார். மனைவி பதில் சொன்னார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடுத்தர அளவை எடுத்தார். அவரைப் படுக்கவைத்து, காற்றைத் திறந்துவிட்டு, பட்டையைத் தளர்த்தினார்.

"சார், இந்த ரப்பர் காத்துல உப்பி முகத்துல மிதக்கணும். நீங்க அத நசுக்கி வச்சிருந்தா மடங்கிப்போய் ஓரமா ஒழுகும்."

"இன்னும் கொஞ்சம் இறுக்கினா?"

"இன்னும் கொஞ்சம் ஒழுகும்."

இருபது வருடத் தத்துவம் படுத்தபடியே சரிந்தது.

"வாசலின் தடவாதீங்க, ரப்பர் கெட்டுடும், வழுக்கவும் செய்யும். படுக்கறதுக்கு முன்னாடி முகத்த கழுவிடுங்க. தினமும் காலைல இந்த ரப்பர சோப்புத் தண்ணில கழுவிக் காயவைங்க. முகத்து எண்ணெய் அதுல படிஞ்சு தங்கினா திரும்பப் புண்ணு வரும். இது ஆறுற வரைக்கும், மூக்குத் தண்டு மேல படாத இந்த வேற மாடலப் போட்டுக்கோங்க."

"முகமூடி முன்பக்கத்துல நிறைய பொத்தல் இருந்துச்சே. தயாரிப்புக் கோளாறா?"

"இல்ல சார், வேணும்னே வச்சது. நீங்க வெளிய விடுற மூச்சு போறதுக்கு வழி வேணாமா? நல்ல வேள, அடைச்சு கிடைச்சு வச்சுடலயே?"

அவர் கைப்பையில் டெஃப்லான் டேப் இருந்தது. ஜிப்பை இழுத்து மூடினார்.

"அப்ப கசிவு பூஜ்யம் ஆகவே ஆகாதா?"

"எதுக்கு சார் ஆகணும்? மூச்சு விடற மனுஷனுக்குக் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்."

புண் ஆறத் தொடங்கியது. மனைவி மறுபடி கையைத் தொங்கப்போட்டுத் தூங்கினார். தலைமைப் பொறியாளர் தினமும் காலையில் சமையலறைக் குழாயடியில் நின்று, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல ரப்பரைக் கழுவினார். பட்டையைத் தளர்த்தத் தெரிந்துகொண்ட கையால் ஒருநாள் சர்க்கரை டப்பாவைக்கூட அளவாக மூடினார். அந்தப் பரவசத்தில் அவருக்கு மனசாட்சி என்ற ஒன்றும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. விழா மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்.

சொல்லவும் சொன்னார். முன்வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தார். மேடையில் வாரியத் தலைவரும் ஒரு பெரிய கேடயமும். இவர் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார்.

"நாலாம் பகுதியில கசிவு பூஜ்யம்னு சொன்னாங்க. அது உண்மைதான். ஏன்னா அங்க தண்ணியே போகல. நாங்க வால்வ மூடிட்டோம்."

வாரியத் தலைவர் மெல்ல எழுந்தார். நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். இதோ, வேலை போயிற்று என்று நம்மவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எவ்வளவு எளிமையான தொழில்நுட்பம்!" என்றார் தலைவர், தழுதழுத்த குரலில். "கருவி வேண்டாம், ஆள் வேண்டாம், தோண்ட வேண்டாம். இது ஏன் இத்தன நாளா நம்ம யாருக்கும் தோணல?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. திட்டத்தை நகரம் முழுமைக்கும் விரிவாக்குவதாக அந்த மேடையிலேயே அறிவிப்பு வந்தது. "அப்படி இல்லைங்க சார், நான் சொல்ல வந்தது..." என்று நம்மவர் ஆரம்பித்தார். அதற்குள் கேடயம் கைக்கு வந்துவிட்டது. நல்ல கனம், இரண்டு கையும் வேண்டியிருந்தது. புகைப்படக்காரர், "சார், கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தார். ஏன் சிரித்தோம் என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். மூக்கு படத்தில் நன்றாக விழும் என்று தோன்றியதாம். முன்வரிசையில் மனைவி மட்டும் கை தட்டவில்லை.

திட்டம் வாரிய வரலாற்றிலேயே இல்லாத வேகத்தில் நிறைவேறியது. பகுதி பகுதியாக வால்வுகள் மூடப்பட்டன. பகுதி பகுதியாகப் பூஜ்யங்கள் வந்து சேர்ந்தன. லாரித் தண்ணீருக்கு நின்ற வரிசைகளைக்கூட அவர் ஜீப்பிலிருந்து பார்த்தார். வருத்தமாகத்தான் இருந்தது. அதைப் பற்றி மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று தினமும் நினைத்தார், தினமும் அடுத்த நாளுக்கு ஒத்திவைத்தார்.

ஒரு காலையில் முகமூடி ரப்பரில் சோப்பைத் தேய்த்து, நுரையோடு குழாயைத் திருகினார். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். அடுத்த நாளும் அப்படியே. லாரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருந்தது. ரப்பரை வெறும் துணியால் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்த வாரத்துக்குள்ளேயே மூக்குத் தண்டில் பழைய சிவப்புக் கோடு எட்டிப் பார்த்தது, அரிப்பு ஆரம்பித்தது, தூக்கத்தில் கை தானாகப் போய் முகமூடியைக் கழற்றிப் போட்டது.

அதற்கடுத்த காலையில் அவர் எழுந்து வந்தபோது மனைவி சமையலறைக் குழாயின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். குழாய் முழுக்கத் திறந்திருந்தது. திரும்பிய மனைவியின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. கணக்கு டீச்சர் சரியான விடை எழுதிய மாணவனைப் பாராட்டும் அதே குரலில் சொன்னார்:

"வாழ்த்துகள்ங்க. ஒரு சொட்டுகூடக் கசியல."