நெடுஞ்சாலையில் ஒரு குடிபூரல்

பனிக்காலத்தை ஊர் வெயிலில் கழித்துவிட்டு வருகிறவர்களை முதல் ஒரு மாதத்துக்கு எந்த முடிவும் எடுக்க விடக்கூடாது. விமான நிலையத்திலேயே பிடித்து, தலையில் ஏறிய வெயில் இறங்கும்வரை ஓர் அறையில் இருத்தி வைக்கவேண்டும். எங்களை யாரும் அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் என் ஒரே மகளின் கலியாணம் ஒஷாவாவில் ஒரு பார்க்கிங் லொட்டில் குழம்பப் பார்த்தது.

யுத்தம் முடிந்து வந்த முதல் பனிக்காலம் அது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்துவிட்டது என்றதும் ரொறன்ரோவில் எங்கள் சனத்தில் பாதி சூட்கேசை இறக்கித் தூசி தட்டியது. நானும் இவரும் (கணவரின் பெயரை எழுதலாம்தான், கை வரவில்லை) போனோம். யாழ்ப்பாணத்தில் ஓர் அறை எடுத்து, ஒரு வானைப் பிடித்து, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று திரிந்தோம். பார்த்ததெல்லாம் சிரிக்கக்கூடியதல்ல. அதை எழுத இது இடமுமல்ல. வழியில் மறித்து எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். ஆனாலும் போகலாம் என்று இருந்தது. அத்தனை வருடம் போக முடியாதிருந்த இடங்களுக்கு நினைத்த நேரத்தில் வெளிக்கிடுவது எங்களுக்குக் கள்ளுக் குடித்தது மாதிரி ஏறிவிட்டது.

பங்குனி முடிவில் ரொறன்ரோவில் எங்கள் மல்வேர்ன் வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், ஹீற்றர் நின்றுபோய், பேஸ்மென்றில் பைப் வெடித்து, கார்ப்பெற் சேற்றுவயலாகக் கிடந்தது. வீட்டைப் பார்த்துக்கொள் என்று மகள் தர்சினியிடம்தான் சொல்லிவிட்டுப் போனோம். அவள் வேலைக்குக் கிட்ட என்று டவுன்டவுனில் அறை எடுத்திருந்தாள். பார்த்திருக்கிறாள்தான், காருக்குள் இருந்தபடி.

இவர் பூட்ஸோடு தண்ணீருக்குள் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

“இஞ்சேரும், எங்களுக்கு ஏன் வீடு?”

புத்தியுள்ள மனுசி என்றால் அந்த இடத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் ஒரு நூறு இருக்கும். நான் கேட்டது இதுதான்: “வானுக்குள்ளை அடுப்பு வைக்கலாமோ?”

வைக்கலாமாம். கட்டிலும் கக்கூசும்கூட வைத்தே விற்கிறார்களாம். வீட்டை விற்றுவிட்டு ஓர் ஆர்வி வாங்குவது, கோடையில் கனடா முழுக்க ஓடித்திரிவது, பனி விழுந்ததும் யாழ்ப்பாணம் பறப்பது என்று தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முடிவாகிவிட்டது. பீற்றர்பரோப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் பழைய ஆர்வி ஒன்று வாங்கினோம். பஸ் ஒன்றில் பாதி நீளம். அந்தக் கிழவரே அதைத் தன் வளவிலிருந்து பின்னுக்கு எடுத்து, ரோட்டில் நேராக விட்டுத் தந்தார். இவர் மல்வேர்ன்வரை முன்னுக்கு மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தார். இதில் கவலைப்பட ஒன்றிருக்கிறது என்று எனக்கு அப்போது படவில்லை.

தர்சினி தலையில் கை வைத்தாள். அவளுக்குத் தன்னோடு வேலை செய்யும் கஜனைப் பிடித்திருந்தது. கஜனின் தாய் சாந்தாக்காவுக்கு இன்னும் ஒன்றும் பிடித்திருக்கவில்லை. வெக்ஸ்போர்ட்டில் அவருடைய வீட்டில் குஷன்கூடக் கேட்டுத்தான் அசையும். “பிள்ளை நல்ல பிள்ளை. தாய் தேப்பனையும் வீடு வாசலையும் பாத்துப்போட்டுத்தான் ஓம் சொல்லுவன்” என்று அறிவித்திருந்தார்.

“அம்மா, ப்ளீஸ், கஜன்ரை அம்மாவுக்கு ஆர்வியைப் பற்றிச் சொல்லாதேங்கோ. ஷீ ஆல்றெடி திங்ஸ் வீ ஆர் வியர்ட்.”

நான் சொல்லவில்லை. சாந்தாக்கா தானாகவே போன் எடுத்தார்.

“உங்கடை வீட்டிலை ஏதோ விசேஷமாம் எண்டு கேள்விப்பட்டன்.”

“ஓம் அக்கா, குடிபூரல்.”

“புது வீடோ! எந்த இடம்?”

“நல்ல காத்தோட்டமான இடம் அக்கா.”

“எத்தினை அறை?”

“எல்லாம் ஒண்டாத் தெரியிற மாதிரித்தான் கட்டியிருக்கு.”

(இதில் எது பொய் என்று காட்டுங்கள் பார்ப்போம்.)

குடிபூரல் என்று நான் சொன்னதும் அந்தரத்தில் வந்த வார்த்தையல்ல. பூசைக்கு ஐயரைக் கேட்டபோது அவரே முதலில் குழம்பிப்போனார்.

“அதுக்குச் சில்லு இருக்கோ?”

“இருக்கு ஐயா.”

“அப்ப வாகனம். எலுமிச்சம்பழத்தை வைச்சு ஏத்தினால் காணும்.”

“உள்ளுக்கு அடுப்பும் கட்டிலும் இருக்கு ஐயா.”

“அப்ப வீடெல்லோ! பால் காய்ச்சவேணும்.” அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “எதுக்கும் ரண்டையும் செய்து விடுவம்.”

ஆனி மாதத்துச் சனிக்கிழமை. எங்கள் வாசலுக்கு நேரே ரோட்டோரத்தில் ஆர்வி நின்றது. அதன் கதவுக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டினோம். தமிழ்க்கடையில் இருந்த மிகப் பெரிய மரங்களைத்தான் எடுக்கவேண்டும் என்று நின்றவள் நான். புல்லில் மேசை போட்டு நிறைகுடம் வைத்தோம். வந்த சனம் செருப்புகளை ரோட்டோரத்தில் குவித்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே ஏறியது.

சாந்தாக்கா அரக்குப் பட்டுச்சேலையில் வந்து இறங்கினார். காலில் வெள்ளி வார் வைத்த புதுச்செருப்பு. பின்னால் அவருடைய கணவர், பேச்சை மனைவியிடம் ஒப்படைத்துவிட்ட மனிதர்.

“எங்கை வீடு?” என்றார் சாந்தாக்கா.

நான் கையைக் காட்டினேன். அவர் ஆர்வியைப் பார்த்தார். பிறகு ஆர்விக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை என்று உறுதியானதும் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் மகளின் கலியாணம் பாதி கரைந்து போனது. நல்லவேளையாக ஐயர் “பெரியவை ஏறுங்கோ, நேரம் போகுது” என்று கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிச் சில்லுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு ஏறினார். நான் அவரை மரியாதைக்கு அடுப்படியில் இருத்தினேன். அவர் கணவருக்கு, இருந்ததிலேயே நல்ல கதிரை என்று சாரதிக்குப் பக்கத்துச் சீற்றைக் கொடுத்தோம்.

ரோடு சரிவு. அதனால் ஆர்வியும் சரிவு, பானையும் சரிவு. பால் பொங்கி வடக்குப் பக்கமாக வழிந்தது. சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. “கிழக்குத்தான், கிழக்குத்தான். வண்டியைத் திருப்பி விட்டால் கிழக்கு” என்று ஐயர் சமாளித்தார். அந்தச் சின்ன அடுப்பில் அரிசி அவிந்து புக்கையாக வருவதற்குள் சுபநேரம் முடியும் தறுவாய். ஐயருக்கு ரெக்ஸ்டேலில் இன்னொரு பூசை வேறு.

“உள்ளுக்கு இருக்கிறவை இறங்கவேண்டாம். ஒரு முழம் முன்னுக்கு உருட்டினால் காணும்” என்றார்.

இவர் உருட்டினார். எலுமிச்சம்பழங்கள் நசிந்தன. எல்லோரும் கை தட்டினோம். அந்த ஒரு முழத்தில் ஆர்வியின் மூக்கு பக்கத்து வீட்டுக்காரனின் டிரைவ்வேயை அடைத்துக்கொண்டு நின்றது. அவன் காரோடு வெளியே வரப் பார்த்து, ஹோர்னில் கையை வைத்தபடி இருந்தான்.

“பின்னுக்கு எடுங்கோ” என்றேன்.

இவர் கியரை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “பின்னாலை ஒரு கோதாரியும் தெரியேல்லை. கிழவன் காட்டித் தரவுமில்லை. ஒரு சுத்துச் சுத்தி வாறன்.”

கதவைச் சாத்தினேன். நிறைகுடத்தடியில் தர்சினியும் கஜனும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். கண்ணாடியில் அவர்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள்.

சுற்றி வருவதற்குத் திரும்பவேண்டும். எங்கள் பக்கத்துத் தெருக்களில் இரண்டு கரையும் கார் நின்றது. திரும்ப முடியாமல் திரும்ப முடியாமல் பெரிய ரோட்டுக்கே வந்துவிட்டோம். அங்கேதான் நான் வழிகாட்டியானேன். “வலது கரையாப் போங்கோ, அது தானாத் திரும்பி வீட்டை வரும்.” வலது கரை தானாக ஃபோர் ஓ வன் நெடுஞ்சாலையில் ஏறியது. பின்னால் லொறி உறுமியது. “நடு லேனுக்குப் போங்கோ, அங்கை பயமில்லை” என்றதும் நான்தான். நடு லேனுக்குப் போனபின் இரண்டு பக்கமும் லொறி. இவர் கழுத்தைத் திருப்புவதையே நிறுத்திவிட்டார்.

“இது கிழக்கு!” என்று ஐயர் கத்தினார். “ரெக்ஸ்டேல் மற்றப் பக்கம்!”

பிக்கறிங் போனது. ஏஜாக்ஸ் போனது. வாழைமரங்கள் இரண்டும் காற்றில் தலைவிரி கோலமாக அடித்துக்கொண்டன. பக்கத்தில் போன கார்களிலிருந்து பிள்ளைகள் கை காட்டினார்கள். நான் நிலத்தில் இருந்தபடி திருப்பிக் காட்டினேன், வேறென்ன செய்வது? கட்டிலில் இருந்த பெண்கள் தேவாரம் பாடத் தொடங்கினார்கள். தொடக்கம் பயத்தில்தான். விற்பி தாண்டும்போது சுதி நன்றாகவே சேர்ந்துவிட்டது. சாந்தாக்கா மட்டும் பாடவில்லை. ஐயருக்கு என்று வாங்கிய வேட்டியைச் சுற்றி, கொதிக்கும் புக்கைப் பானையைப் பட்டுச்சேலையோடு அணைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி இருந்தார்.

ஒஷாவாவில் ஒரு லொறிக்காரன் இரக்கப்பட்டு இடம் விட்டான். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு பெரிய கடையின் பார்க்கிங் லொட்டில், பின்னுக்கு எடுக்கத் தேவையில்லாத இடமாகப் பார்த்து இவர் நிறுத்தினார். ஐயர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு, வைத்த வேகத்தில் எடுத்தார். தார் கொதித்தது. அப்போதுதான் எல்லோரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். வெறுங்கால்கள். செருப்பெல்லாம் மல்வேர்னில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் ஒரு பக்கம், மகளின் முகம் மறுபக்கம். “அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களுக்கு உண்மையைச் சொல்லியிருக்கவேணும். பிள்ளையிலை ஒரு பிழையுமில்லை, நாங்கள்தான் விசரர்” என்று சாந்தாக்காவின் முன்னால் நின்று சொன்னேன்.

அவர் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. அவரும் அழுகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, மனுசி சிரிக்கிறார். பானையும் சேர்ந்து குலுங்கச் சிரிக்கிறார்.

“சண்டைக்காலத்திலை செருப்புப் போட நேரமில்லாமல் எத்தினை தரம் வீட்டை விட்டு ஓடியிருப்பன்” என்றார். “ஒருநாளும் வீடு என்னோடை வந்ததில்லை. இண்டைக்கெல்லோ அதுவும் சேர்ந்து ஓடி வந்திருக்கு!”

முதலில் ஒருவருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அங்கே இருந்த எல்லோரும் அப்படி ஓடியவர்கள்தான். பிறகு கட்டிலில் இருந்த ஒருவர் தொடங்கினார். அதற்குப் பிறகு ஆர்வியே ஆடியது. சிரித்துக் கண்ணைத் துடைத்தவர்களில் சிலர் துடைத்து முடிக்க நேரமெடுத்தது. நானும்தான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் முன் சீற்றிலிருந்து ஒரு புதுக்குரல் கேட்டது. சாந்தாக்காவின் கணவர்.

“புக்கை ஆறப்போகுது.”

தட்டெல்லாம் மல்வேர்னில் என்பதால், காற்று விட்டுவைத்த வாழையிலைக் கந்தல்களைக் கிழித்து, அதில் வைத்துச் சாப்பிட்டோம். ஐயர் இரண்டாம் தரமும் வாங்கினார். ரெக்ஸ்டேலுக்குப் போன் எடுத்து, “வாகனத்திலை ஒரு சின்னக் கோளாறு” என்று பக்தியோடு சொன்னார்.

நாங்கள் போனில் இடத்தைச் சொல்ல, தர்சினியும் கஜனும் காரில் வந்து சேர்ந்தார்கள். டிக்கி நிறையக் குப்பைப் பைகள், பை நிறையச் செருப்புகள். தர்சினிக்கு அழுத முகம். வழி முழுக்க கஜன் ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். சனம் ஒற்றைக்காலில் நின்று சோடி தேடியது. கடைசியாகச் சாந்தாக்காவின் புதுச்செருப்பு வந்தது. ஒன்று செருப்பு. மற்றது அப்பளம், நடுவில் எலுமிச்சங்கொட்டை. எலுமிச்சம்பழத்தோடு இவர் அதன் மேலும் சில்லை ஏற்றியிருக்கிறார்.

“அன்ரி, ஐ ஆம் சோ சொறி” என்று தர்சினி மறுபடியும் அழ வெளிக்கிட்டாள்.

சாந்தாக்கா அந்த அப்பளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆவணியிலை நாள் இருக்கோ எண்டு ஐயரைக் கேள் பிள்ளை. அதுக்கிடையிலை உன்ரை கொப்பர் பின்னுக்கு எடுக்கப் பழகவேணும். மாப்பிள்ளை உந்த வானிலைதான் வருவார்.”

அப்படியேதான் வந்தார். வீட்டை விற்கும் யோசனையை ஒஷாவாவிலேயே விட்டுவிட்டோம். வெளிக்கிடுவதன் ருசியே திரும்பி வந்து திறக்க ஒரு கதவு இருப்பதில்தான் என்று அன்று பின்னேரம் மல்வேர்ன் வாசலில் நின்றபோது எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் இப்போது தர்சினியும் கஜனும் இருக்கிறார்கள், பேஸ்மென்றில் நாங்கள். கோடையில் நாங்கள் இரண்டு சோடிக் கிழடுகளும் ஆர்வியில் கிளம்பிவிடுவோம். இவர் இப்போது நன்றாகவே பின்னுக்கு எடுப்பார், பின்னால் நான் இறங்கி நின்று கத்தினால்.

சாந்தாக்கா மட்டும் அன்றிலிருந்து எங்கள் வாசலில் செருப்பை விடுவதில்லை. கழற்றி, ஒரு பையில் போட்டு, உள்ளே கொண்டு வந்து சோபாவில் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்து எங்கள் பேத்தியும் பழகிவிட்டாள். போன மாதம் ஒரு சினேகிதியின் பிறந்தநாளுக்குப் போன இடத்தில், சப்பாத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேக் வெட்டும்வரை நின்றிருக்கிறாள். வாசலில் வைத்துவிட்டு வா பிள்ளை என்று அந்த வீட்டுக்காரி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாவாம்.

“ஏலாது அன்ரி” என்றாளாம். “வீடு வெளிக்கிட்டால் நான் என்ன செய்யிறது?”