ஆனி மாசத்து ஐயப்பசாமி

மாடசாமி வாயைத் திறந்தது ஒரே ஒருத்தனிடம்தான். அந்த ஒருத்தன் ஸ்டீபனாகப் போனதுதான் வினை.

பிழைக்க வந்த வடக்கத்தி ஊரான காசர்வாடியில், பட்டறை லேத் மிஷின் இரைச்சலுக்கு நடுவே, "கிட்டப் போனாலே சட்டுனு முடிஞ்சிருது லே," என்றான்.

கல்யாணமாகி நாலு மாசம்கூட ஆகவில்லை. முடிந்ததும் மானம் போய் அவன் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான். சாந்தகுமாரி அந்தப் பக்கம். அவள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. "என்னைக்காவது 'நீயெல்லாம் ஆம்பளையா'ன்னு கேட்டுட்டு ஊருக்குப் போயிருவா லே."

"அந்த நேரத்துல வேற நினைப்பு வேணும் லே. நம்ம சூப்பர்வைசர் மூஞ்சிய நினைச்சுக்கோ," என்றான் ஸ்டீபன்.

நினைத்தான். சூப்பர்வைசர் வந்தார், மீசையோடு. சமாச்சாரம் முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தது. முகம் வேறு கோணிப்போனது.

"ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய?"

"சூப்பர்வைசர்..." என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அடுத்து, ஸ்டேஷன் பக்கம் கூடாரம் போட்டிருந்த வைத்தியரின் லேகியம். டப்பாவில் குதிரைப் படம். குதிரை ஓடியதோ இல்லையோ, மாடசாமி ஓடினான், பக்கெட்டும் கையுமாக, லைன் வீட்டுப் பொதுக் கக்கூஸுக்கு.

"என்னத்தத் தின்னிய?"

"வடாபாவ்."

இனி தப்பிக்க ஒரே வழிதான். ஆனி மாசத்தில் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டான்.

"கார்த்திகைக்கு இன்னும் எம்புட்டு நாள் கிடக்கு?" என்றாள் சாந்தகுமாரி.

"மாசப் பூஜைக்குப் போறேன்."

விரதக்காரனைப் பெண்டாட்டியும் 'சாமி' என்றுதானே கூப்பிட வேண்டும்? "சாமி, சாப்பிட வாங்க," என்பாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சாமி தனிப் பாயில் படுத்து, 'உன்னையும் ஏமாத்துறேன், அவளையும் ஏமாத்துறேன் ஐயப்பா' என்று விம்மும். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினான். அன்று சாயங்காலமே பயம் பிடித்துக்கொள்ள, அடுத்த மாசப் பூஜைக்கு மறுபடி போட்டான்.

மறுநாள் சாந்தகுமாரி பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

மாடசாமிக்கு உசிரே போய்விட்டது. பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு, நிஜமான ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, அரைகுறை இந்தியில் அழுதேவிட்டான்.

"அரே, இதுக்கா அழறே?" என்றார் டாக்டர் இந்தியில். "எத்தனையோ ஆம்பளைங்களுக்கு உள்ளதுதான். பயப்படப் பயப்பட அதிகமாகும். பயிற்சி இருக்கு, தேவைப்பட்டா மாத்திரை இருக்கு, சரியாயிடும். பெண்டாட்டிகிட்ட சொன்னியா?"

"ஐயோ, அவகிட்டயா!"

"பின்னே யாருகிட்ட? அவளையும் கூட்டிட்டு வா."

சொல்லிவிடலாம், சொல்லியே விடலாம் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு ஓடினான். வீட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி சாவியை நீட்டினாள்.

"ஊருக்குப் போயிட்டா தம்பி. 'முத ராத்திரியிலேருந்தே அவுகளுக்கு என்னைப் பிடிக்கலக்கா, எப்படா முடியும்னு அவசர அவசரமா முடிச்சிட்டுத் திரும்பிப் படுத்துக்கிடுதாவ'ன்னு ஒரே அழுகை."