நாலரை மணிக் கடிதங்கள்

"மறுபடியும் நாலரை மணிக்கு அனுப்பியிருக்கார்" என்று முனகியபடி, பாதி திறந்த கண்களால் மடிக்கணினியைப் பார்த்தார் சரக்குப் பிரிவின் துணை மேலாளர். அப்போது மணி எட்டு.

புதிதாக வந்த மேலாளரின் மின்னஞ்சல்கள் யாவும் விடியுமுன்னரே வந்து விழுந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அதிகாலைத் துயிலெழலின் மேன்மை குறித்து ஒரு பத்தி வேறு. ஒரு மனிதனின் தகுதியை அவன் தலையணையை விட்டு எழும் நேரத்தால் அளப்பது எந்த இலக்கணத்தில் சேர்த்தி? ஆயினும் அளந்தார்கள். பிரிவுத் தலைவர் பதவி காலியாக இருந்தது. மாதக் கடைசியில் அதை நிரப்பப்போகிறவர் அந்த மேலாளர்தான். அந்த நாற்காலிக்காகக் காத்திருந்தே நம்மவருக்குத் தலை நரைத்துவிட்டது.

"நாளைக்கு நானும் நாலு மணிக்கு எழுந்திருச்சுப் பதில் போடறேன்" என்றார்.

மனைவி சிரிக்கவில்லை, இந்தச் சபதத்திற்கெல்லாம் சிரித்து ஓய்ந்தவர் அவர். "நம்ம கல்யாணத்தன்னிக்கே உங்களைத் தண்ணி தெளிச்சுத்தான் எழுப்பினாங்க. பேசாம அந்த 'அனுப்பு' பொத்தான் பக்கத்துல ஒரு குட்டி அம்புக்குறி இருக்கு, பாருங்க."

"அது எதுக்கு?"

"ராத்திரியே எழுதி வெச்சுட்டு, எத்தனை மணிக்குப் போகணும்னு சொல்லிட்டா அதுவே போயிடும். நீங்க பாட்டுக்குக் குறட்டை விடலாம்."

அதைத் திரையில் ஒட்டிய தூசு என்றெண்ணி, இத்தனை காலமும் துடைத்துவந்தவர் அவர்.

மறுநாள் அவருடைய கடிதம் நாலேகாலுக்குச் சென்றது. அவர் எட்டுக்கு எழுந்தார். மேலாளர் தோளைத் தட்டிப் பாராட்டினார். ஆனால் அதற்கடுத்த நாள் மேலாளரின் கடிதம் நான்கு மணிக்கே வந்தது. இவர் மூன்றே முக்காலுக்கு நகர்ந்தார். அவர் மூன்றரைக்கு இறங்கினார்.

"இப்படியே போனா ரெண்டு பேரும் முந்தின நாள் சாயங்காலத்துல போய் நிப்பீங்க" என்றார் மனைவி.

வேகம் விவேகத்தைத் தின்றது. ஓரிரவு துணை மேலாளர், 'வானத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், மேகமே இல்லை. லாரிகளுக்குத் தார்ப்பாய் தேவையில்லை' என்று எழுதி, கிடங்குக்கும் நகல் சேர்த்து, அதிகாலைக்கு நேரம் குறித்துவிட்டு உறங்கினார். அந்த அதிகாலையில் வானம் பொத்துக்கொண்டது. அட்டைப்பெட்டிகள் கூழாயின.

மேலாளர் அழைத்தார். "நீங்க எழுதின நேரத்துல மழை கொட்டிச்சுன்னு டிரைவர் சொல்றாரே?"

"நான் இருந்த இடத்துல மழை இல்ல சார். நடந்துக்கிட்டிருந்தேன்."

"எங்க?"

அவருக்குப் பெயர் தெரிந்த பூங்கா ஒன்றே ஒன்றுதான். "ஏரிக்கரைப் பூங்காவுல சார்."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எங்க வீட்டுக்கு எதிர்லல்ல இருக்கு? நானும் தினம் அங்கதானே நடக்கறேன். உங்களைப் பார்த்ததே இல்லையே."

"இருட்டு சார்."

பொய் வெளிப்பட்டால் பதவி கைநழுவுவதோடு நில்லாது. பெட்டிகள் கூழான பழியும் முழுதாய்த் தலைமேல் விழும். எனவே பொய்க்கு ஒரு முட்டுக்கொடுத்தார். "வேணும்னா நாளைக்குச் சேர்ந்தே நடக்கலாம் சார்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "வாங்களேன். அஞ்சு மணிக்கு. ஆனா நான் சீக்கிரமே முடிச்சுட்டுப் போயிடுவேன், பார்த்துக்குங்க."

அன்றிரவு அம்புக்குறியால் பயனில்லை. உடம்பை நேரம் குறித்து அனுப்பும் பொத்தானை இன்னும் எவரும் அமைக்கவில்லை. மனைவி இரண்டு கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்தார். அவற்றை நம்பாமல் ஒரு குவளைத் தண்ணீரையும் ஆயத்தமாக வைத்தார். தண்ணீர்தான் வேலை செய்தது.

நனைந்த தலையுடன், எங்கே தாமதமாகிவிடுமோ என்னும் பதற்றத்தில், நாலரைக்கே பூங்காவை அடைந்தார் துணை மேலாளர். பூங்கா வெறிச்சோடிக் கிடந்தது. எதிர்வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. அந்த வீட்டு வாயிலில் காவலாளி மட்டும் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

"ஏம்ப்பா, நான் உங்க ஐயாவோட ஆபீஸ். ஐயா நடக்கக் கிளம்பிட்டாரா?"

காவலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சங்கடத்துடன் தலையைச் சொறிந்தார்.

"'இப்பத்தான் நடந்து முடிச்சுட்டு உள்ள போனாரு'ன்னு அஞ்சு மணிக்கு உங்ககிட்ட சொல்லச் சொல்லிட்டு ஐயா தூங்கறாருங்க; அரை மணி நேரம் கழிச்சு வாங்க, சொல்றேன்."