சுருட்டு நிறுத்திய தேர்

புகை பிடிப்பவர்கள் எல்லோருமே டாக்டர்கள்தான். தான் பிடிப்பது நெஞ்சுக்கு நல்லது, பக்கத்து ஆள் பிடிப்பதுதான் எமன் என்று அடித்துச் சொல்வார்கள். எழுபதுகளில், வில்லியனூர் பக்கத்து எங்கள் கிராமத்தின் மாதா கோயில் பேண்டு செட்டில் நான் அப்படியொரு பெரிய டாக்டர். (படிப்பு, எட்டாவது ஃபெயில்.)

என் வாத்தியம் ட்ரம்பெட். பிடித்தது சிகரெட். அந்த வருடத் திருவிழாவில் தேருக்கு முன்னால் மாதா பாட்டைத் தனியாக ஊதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதைவிடப் பெரிய விஷயம், பாகூரிலிருந்து ரெஜினாவும் அவள் அப்பாவும் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை நான்தான்! ஊதி அசத்திவிட்டால் கல்யாணம் நிச்சயம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் ஒத்திகையில் பாதிப் பாட்டிலேயே மூச்சு வாங்கியது.

டிரம் அடிக்கும் சவரி பீடிக்காரன். "அந்துவான், சிகரெட்ட வுட்டுட்டு பீடிக்கு வாடா. இலைடா இது, மூலிகை மாதிரி" என்றான்.

"போடா! இத சொல்றதுக்குள்ளயே எத்தினி வாட்டி இருமிட்ட?"

என் ஆராய்ச்சி வேறு பக்கம் போனது. நெஞ்சைக் கெடுப்பது புகையிலை அல்ல, அதைச் சுற்றிய காகிதம். சுருட்டில் காகிதமே கிடையாது. ஆகவே சுருட்டு! (இவ்வளவு அறிவை எங்கேதான் ஒளித்து வைத்திருந்தேனோ.) பழகியவர்கள் சுருட்டுப் புகையை வாயோடு நிறுத்தி ஊதிவிடுவார்கள். நான் சிகரெட் பழக்கத்தில் அடிவயிறு வரை இழுத்தேன். ஒரு வாரம் விடாமல் இழுத்தேன்.

திருவிழாவும் வந்தது. வாணவேடிக்கை என்ன, சீரியல் லைட் என்ன, சனம் என்ன! தேர் தோளில் தூக்குவது. பாட்டு நின்றால் தேரை இறக்க வேண்டும் என்பது தூக்குகிறவர்களுக்கு உத்தரவு. கூட்டத்தில் நீலத் தாவணியில் ரெஜினா என்னையே பார்க்கிறாள். ஊதினேன் பாருங்கள், அப்படி ஊதினேன்! பாட்டின் உச்சிக்கு எட்டிவிட்டேன். அங்கேதான் இருமல் வந்தது. ட்ரம்பெட்டுக்குள் புகுந்த அந்த இருமல், எருமை கத்துவதுபோல் மறுமுனையில் வெளியே வந்தது. சவரி சிரித்தான். சிரிப்பு பீடி இருமலாக மாறி, டிரம்மும் நின்றது.

தேரை இறக்கிவிட்டார்கள். சரியாகச் சாராயக்கடை வாசலில்!

உள்ளே இருந்தவர்கள் கிளாசும் கையுமாக ஓடி வந்தார்கள். "மாதா நம்மளத் தேடி வந்துட்டாங்கப்பா!" என்று ஒருவர் முட்டி போட்டுக் கதறினார். பங்குச் சாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் அங்கேயே ஜெபத்தை ஆரம்பித்தார்.

ரெஜினாவின் அப்பா என்னிடம் வந்தார். "இன்னா தம்பி பிடிக்கற?"

"சுருட்டுங்க. சிகரெட்டு, பீடிதாங்க நெஞ்சுக்குக் கெடுதி..." முடிப்பதற்குள் மறுபடியும் இருமல். அவர் திரும்பி நடந்தார். என் வாழ்க்கையே பஸ் ஏறிப் போவதுபோல் இருந்தது.

அந்த பஸ்ஸில் நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். பாகூர் வரும்வரை ரெஜினா சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தாளாம். இறங்கும்போது சொன்னாளாம்: "இந்த ஆளையே பேசி முடிங்கப்பா. ஆனா புகை வர்ற எதுவும் எங்க வூட்டுக்குள்ள வரக்கூடாது." வரவில்லை.

சாராயக்கடை போய் அங்கே செருப்புக்கடை வந்துவிட்டது. தேர் மட்டும் இன்றும் திருவிழாதோறும் அங்கே நின்றுதான் போகிறது. புதிதாக வந்த சாமியார் காரணம் கேட்டதற்கு, "அது ஐதீகம் ஃபாதர், பரம்பரையா நிக்கிற இடம்" என்று தூக்குகிற பையன்கள் பயபக்தியோடு சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரெஜினா என் விலாவில் இடித்தாள்.

"இருமித் தொலைங்க. அதுவும் ஐதீகம்தான, அப்பதான் தேர் கிளம்பும்."