நண்டுக்கு ஓர் உயரச் சான்றிதழ்

கோடை விடுமுறையின் மூன்றாவது சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, தன் மகள் ஒரு திமிங்கிலத்தின் வாய்க்குள் நுழைந்து வால் வழியாக வெளியே வர வேண்டும் என்று தையல்காரி தீர்மானித்தாள்.

நகரத்துக்கு வெளியே ஆழ்கடல் ஆனந்தப் பூங்கா என்று ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே மற்றதெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிற சமாச்சாரம். ஆமை நீந்தும், பார்க்கலாம். சுறா முறைக்கும், பார்க்கலாம். திமிங்கில வாய் ஒன்றுதான் உள்ளே போகிற விஷயம். மூன்று மாடி உயரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் நீர்ச்சறுக்கு அது. வாயில் உட்கார்ந்தால் வயிற்றுக்குள் இரண்டு சுற்று சுற்றி, வால் பக்கம் இருக்கும் குளத்தில் தொப்பென்று போடும்.

மகளுக்கு எட்டு வயது. ஓர் இடத்தில் ஒழுங்காக உட்காராமல் மூலைக்கு மூலை ஓடுவதால் வீட்டில் அவளுக்கு நண்டு என்று பெயர். வேறு பெயரும் உண்டு. அதைப் பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது மட்டும் பயன்படுத்தினார்கள்.

நண்டின் அப்பா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அச்சில் வந்த எதையும் கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டார். பூங்காவின் முன்பதிவு விதிகளையும் அப்படியே படித்தார். பதினான்காவது விதியில் நின்றுவிட்டார்.

"இந்தா பாரு. திமிங்கில வாய்க்குக் குறைஞ்சபட்ச உயரம் நூத்தி இருபது சென்டிமீட்டர்."

"நண்டு நூத்தி இருபத்தொண்ணு. போன வாரம்தான் பாவாடை தைக்க அளவெடுத்தேன்," என்றாள் தையல்காரி.

"நீ எடுத்தா ஆகாது. தகுதி வாய்ந்த அதிகாரி வழங்கிய உயரச் சான்றிதழ் வேணுமாம்."

பூங்காக்காரர்களையும் குற்றம் சொல்ல முடியாது. திறந்த முதல் வாரத்தில் பெற்றோர்கள் பிள்ளைகளுக்குக் கனத்த செருப்பு மாட்டியும், உச்சந்தலையில் கொண்டை போட்டும் கொண்டுவந்து நிறுத்தினார்களாம். வாசலில் தினமும் சண்டை. அதனால் உண்மையைத் தீர்மானிக்கும் பொறுப்பை அரசாங்கத்திடம் விட்டுவிட்டார்கள்.

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வருஷமாக ஊர் உடம்பையெல்லாம் அளந்தவள் அவள். தெருவில் போகிறவரை ஒரு பார்வை பார்த்துத் தோள் அளவு சொல்லிவிடுவாள். தான் பெற்ற பிள்ளையின் உயரத்தை ஒருவர் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சரி, ஒரு காகிதம்தானே என்று நினைத்தாள்.

குடிமக்கள் உயர நிர்ணய அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. படிவம் நான்கு பக்கம். பிறந்தபோது இருந்த உயரம், தற்போதைய உயரம், இனி உத்தேசித்துள்ள உயரம், அதற்கான காரணங்கள். அப்பா பொறுமையாக நிரப்பினார். ஆனால் தலைப்பிலேயே 'உயறச் சான்றிதழ்' என்று வல்லின றகரம் போட்டு அச்சாகியிருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்து அடித்து, 'ர' என்று ஓரத்தில் எழுதிவிட்டார்.

ஐந்தாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்: 'தாங்கள் உயரத்துக்கு விண்ணப்பித்துள்ளீர்கள். இவ்வலுவலகத்தில் உயறம் மட்டுமே வழங்கப்படுகிறது. எனவே தங்கள் விண்ணப்பம் கனிவுடன் நிராகரிக்கப்படுகிறது.'

அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் புதுப் படிவம் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லா இடத்திலும் றகரமே போட்டு எழுதினார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இருபத்தைந்தே நாளில் அளவெடுக்க அழைப்பு வந்தது. அதற்குள் கோடை விடுமுறை முடிந்துவிட்டது என்பது வேறு விஷயம். முன்பதிவு செய்திருந்த நுழைவுச் சீட்டு ஆறு மாதம் செல்லும் என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

அளவை அலுவலர் மரியாதையான மனிதர். சட்டையின் இடது தோள் மட்டும் அரை அங்குலம் இறங்கியிருந்தது. தையல்காரியின் கண் அதிலேயே போய் நின்றது. சுவரோரம் அரசு முத்திரை குத்திய அளவுகோல் நின்றுகொண்டிருந்தது. தரையில் ஈரம் என்பதால் கோலின் அடிப்பாகம் கெட்டுப்போகாமல் இருக்க அதை ஒரு மரப்பலகையின் மேல் நிறுத்தியிருந்தார்கள். நண்டை அதன் பக்கத்தில், தரையில் நிற்கச் சொன்னார்கள்.

"நூத்திப் பதினேழு," என்றார் அலுவலர்.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் தையல்காரி. "கோல் பலகை மேல நிக்குது. குழந்தை தரையில நிக்குது. பலகை நாலு சென்டிமீட்டர் இருக்கும்."

அலுவலர் குனிந்து பார்த்தார். "ஆமா, இருக்கும்."

"அப்போ குழந்தையையும் பலகை மேல நிறுத்துங்க சார்."

"பலகை கோலுக்காக ஒதுக்கப்பட்ட அரசு சொத்தும்மா. அதுல பொதுமக்கள் ஏறக் கூடாது."

"அப்போ பலகையை எடுத்துடுங்க."

"எடுத்தா கோல் நனையும். நனைஞ்ச கோல்ல அளந்தா அளவு தப்பாயிடும். தப்பா அளக்கிறது என்னால முடியாது."

அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. தன் பையிலிருந்த நாடாவை எடுத்து அங்கேயே அளந்து காட்டினாள் தையல்காரி. நூற்று இருபத்தொன்று. அலுவலர் அதை ஆர்வமாகப் பார்த்தார். நல்ல நாடா என்றும் சொன்னார். முத்திரை இல்லாததால் அது காட்டியது எண் மட்டுமே, உயரம் அல்ல என்று விளக்கிவிட்டு, பொன்னிற ஓரம் போட்ட சான்றிதழில் நூற்றுப் பதினேழு என்று எழிலாக எழுதிக் கொடுத்தார்.

"மேல்முறையீடு செய்யலாமா சார்?"

"தாராளமா. வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை போனார்கள். அதே அறையில், சன்னல் பக்கத்து நாற்காலியில், அதே மனிதர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன குறை?" என்றார், முன்பின் பார்த்திராதவர் மாதிரி.

"குழந்தையோட உயரத்தைத் தப்பா அளந்துட்டாங்க சார்."

"யாரு?"

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். புருஷன் கூரையைப் பார்த்தார்.

"நீங்கதான் சார்," என்றாள் நண்டு.

"பாப்பா, நான் மேல்முறையீட்டு அலுவலர். நீ சொல்றது அளவை அலுவலரை. அவர் திங்கள்லேர்ந்து புதன் வரைக்கும் இருப்பாரு." கோப்பைப் புரட்டினார். "எனக்கு அவரைப் பல வருஷமாத் தெரியும். நேர்மையான மனுஷன். தப்புப் பண்ண மாட்டார்."

தீர்ப்பு அன்றே கிடைத்தது. நூற்றுப் பதினேழு உறுதி செய்யப்படுகிறது. ஓர் ஆண்டுக்குப் பிறகு மறு அளவுக்கு விண்ணப்பிக்கலாம். இடைப்பட்ட காலத்தில் மேற்படி குழந்தை சான்றிதழுக்கு முரணாக வளரக் கூடாது. தவிர்க்க முடியாத காரணத்தால் வளர நேர்ந்தால் முன் அனுமதி பெற்றே வளர வேண்டும்.

அன்று ராத்திரி நண்டு பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "வளர்ந்துடுவேன்," என்றாள். தையல்காரி அவளைப் பிடித்து உட்காரவைத்து ஊட்டிவிட்டாள். ஊட்டும்போது அந்த அலுவலகத்தையும், பலகையையும், பலகை அறுத்த தச்சனையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

இதற்கிடையே ஊரில் வேறொன்று நடந்தது. சான்றிதழின் பொன்னிற ஓரம் பார்க்க அழகாக இருந்ததால் பலருக்கும் அது வேண்டியிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் இணைத்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையைக் கேட்பதற்கு முன் அவர் சான்றிதழைக் கேட்டார்கள். உயர நிர்ணய அலுவலகத்தின் வாசலில் காலை ஆறு மணிக்கே வரிசை நின்றது. எல்லோரும் தரையில் நின்றார்கள். கோல் பலகை மேல் நின்றது.

முதலில் தையல்காரியிடம் வந்தவர் ஒரு வங்கிக் காசாளர். கால்சட்டைத் துணியையும் சான்றிதழையும் சேர்த்து மேசையில் வைத்தார்.

"நாடாவை எடுக்காதீங்க. இதுல உள்ளபடி தைங்க."

"சார், இது உங்க உயரத்தைவிடக் கம்மி. கால் மேலே ஏறிடும்."

"எங்க வீட்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு அளவு சொல்றாங்கம்மா. முத்திரை ஒரே அளவுதானே சொல்லுது."

அவள் அப்படியே தைத்தாள். கால்சட்டை கணுக்காலுக்கு மேல் நாலு விரல் ஏறி நின்றது. காசாளர் அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்த நடையாக வங்கிக்குப் போனார். தெரியாமல் குட்டையாகத் தைத்த கால்சட்டை போட்டவன் கூனிக் குறுகி நடப்பான். காசாளர் மார்பை நிமிர்த்தி நடந்ததால், பார்த்தவர்கள் இது புதிதாக வந்த நாகரிகம் என்று புரிந்துகொண்டார்கள். ஒரே மாதத்தில் ஊர் முழுக்கக் கணுக்கால் தெரிந்தது. முழுநீளக் கால்சட்டை போட்டவர்களைச் சான்றிதழ் வாங்க வக்கில்லாதவர்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு பத்திரிகை, மனித குலம் தன் கணுக்காலை மீட்டெடுத்துவிட்டது என்று தலையங்கம் எழுதியது. அதில் 'கனுக்கால்' என்று வந்திருந்ததை நண்டின் அப்பா பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை.

தையல்காரியின் கடையில் நிற்க இடமில்லை. இரண்டாவது தையல் இயந்திரம் வந்தது, உதவிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். பிறகு ஒருநாள் அளவை அலுவலரே வந்து ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்: 'அங்கீகரிக்கப்பட்ட சான்றளவுத் தையலகம்.' அந்த அங்கீகாரம் ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. உரிமம் பெற்றவர் சான்றிதழுக்கு முரணான எந்த அளவையும் எடுக்கவோ, எழுதவோ, வாயால் சொல்லவோ கூடாது.

கையெழுத்துப் போடும்போது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. போட்ட பிறகு அலுவலருக்கு இரண்டு கால்சட்டை, ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். இடது தோளை மட்டும் சரி செய்தாள். அதற்குச் சான்றிதழ் எதுவும் இல்லை.

நுழைவுச் சீட்டு காலாவதியாக ஒரு வாரம் இருந்தபோது நண்டுதான் பேச்செடுத்தாள்.

"திமிங்கிலத்துக்குள்ள போக வேண்டாம்மா. வெளியே நின்னு பார்த்துட்டு வந்துடலாம்."

போனார்கள். ஆமையைப் பார்த்தார்கள், சுறாவைப் பார்த்தார்கள். கடைசியில் மூவரின் கால்களும் தாமாகவே திமிங்கிலத்தின் பக்கம் திரும்பின. வரிசையில் நாற்பது ஐம்பது பேர் பிள்ளைகளோடு நின்றார்கள். எல்லோரும் கணுக்கால் தெரிய நின்றார்கள். பாதிக் கால்சட்டையில் தன் தையல் இருப்பதைத் தையல்காரி தூரத்திலிருந்தே கண்டாள். மேலே திமிங்கிலத்தின் வாயிலிருந்து தண்ணீர் மட்டும் சறுக்கி வந்துகொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை.

அவர்கள் வரிசையில் நின்ற கொஞ்ச நேரத்தில் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அளவை அலுவலர். கூடவே அவர் மகன், நண்டின் வயதிருக்கும். சனிக்கிழமையானதால் அவர் எந்த அலுவலராகவும் இல்லை. ஆனாலும் தையல்காரி வணக்கம் வைத்தாள்.

வாசலில் கடல்குதிரைத் தொப்பி போட்ட ஒரு பெண் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு திரும்பிப் போனார்கள். தையல்காரி வீட்டார் முறை வந்ததும் அப்பா சான்றிதழை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அதெல்லாம் இன்னையிலேர்ந்து கேக்குறதில்ல சார். சான்றிதழ்ப்படி இந்த ஊர்ல ஒரு பிள்ளைக்கும் உயரம் பத்தலை. நாலு மாசமா திமிங்கிலத்துக்குள்ள தண்ணி மட்டும்தான் போகுது. முதலாளி வெறுத்துப் போயிட்டார். பெத்தவங்க வாயால உயரம் சொன்னாப் போதும், எழுதிக்கிட்டு விட்டுடச் சொல்லிட்டார்."

பேனாவைத் திறந்தாள். தையல்காரியைப் பார்த்தாள்.

"பாப்பா எவ்வளவும்மா?"

நண்டு இப்போது நூற்று இருபத்துமூன்று. காலையில் சட்டை மாட்டிவிடும்போதே கைக்குத் தெரிந்திருந்தது. தையல்காரி மெல்லத் திரும்பி அலுவலரைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து திமிங்கிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிஜ எண்ணைச் சொன்னால் அடுத்துத் தானும் மகனின் நிஜ எண்ணைச் சொல்லலாம் என்று அவர் காத்திருந்த மாதிரிகூடத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்துக் கடை நடத்த முடியாது. இரண்டு இயந்திரமும், இரண்டு பெண்களும், வாசலில் தொங்கும் பலகையும் அவள் கண் முன் வந்து போயின.

"நூத்திப் பதினேழு," என்றாள்.

நண்டின் அப்பா தன் செருப்பைப் பார்த்தார். பின்னால் அலுவலர் மூச்சை விட்டார். நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியாத மூச்சு.

கடல்குதிரைப் பெண் நண்டை ஏற இறங்கப் பார்த்தாள். "பார்த்தா அப்படித் தெரியலையே. பாப்பா, அந்தக் கோட்டுக்கிட்டப் போய் நில்லு."

சுவரில் நூற்று இருபதுக்கு நேராக நீலக் கோடு போட்டிருந்தது. நண்டு போய் நின்றாள். தலை கோட்டைத் தாண்டியது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் திமிங்கிலத்தை ஒரு தடவை பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. நண்டு சத்தமில்லாமல் முழங்கால்களை மடக்கினாள். தலை கோட்டுக்குக் கீழே, சரியாக நூற்றுப் பதினேழில் வந்து நின்றது.

அடுத்து நின்ற அலுவலரின் மகன் அதைக் கவனித்துக்கொண்டான்.